பார்சல் தொலைஞ்சா எவ்வளவு கிடைக்கும்?

ஆன்லைன்ல புடவை விக்கிற ஒருத்தங்க என்கிட்ட கேட்டாங்க: “3,000 ரூபாய் புடவை வழியில தொலைஞ்சா முழுப் பணமும் வருமா?”

தபால் துறையோட ஸ்பீட் போஸ்ட்டையே எடுத்துக்குவோம். தொலைஞ்சாலும் சேதமானாலும், நீங்க கட்டின கட்டணத்துல ரெண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதுல எது குறைவோ அதுதான் இழப்பீடு. கட்டணம் 80 ரூபாய்னா கிடைக்கிறது 160. மீதி 2,840 உங்க நஷ்டம். அதாவது, பொருளோட விலை இந்தக் கணக்குக்குள்ள வரவே இல்ல.

விலை திரும்பி வரணும்னா, புக் பண்ணும்போதே மதிப்பைச் சொல்லி, கூடுதலா பணம் கட்டி இன்ஷூரன்ஸ் போடணும். மதிப்பைக் குறைச்சு எழுதினா இழப்பீடும் குறையும். பில், ரசீது, பேக் பண்ற வீடியோ மூணையும் பத்திரமா வெச்சிருங்க.

எல்லாப் பார்சலுக்கும் இது தேவையில்ல. எது போனா உங்களால தாங்க முடியாதோ, அதுக்குப் போடுங்க.