பணம் கலக்கலாம், நோக்கம் கலக்கக் கூடாது: பாடசாலைக் கணக்கை எப்படி வாசிப்பது?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் எழுந்து கணக்கறிக்கை வாசிப்பார். மொத்த வரவு இவ்வளவு, மொத்தச் செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. மூன்று நிமிடத்தில் வாசிப்பு முடிந்துவிடும். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், அறிக்கை ஏகமனதாக நிறைவேறும். தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று எங்கள் கரையோரத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த எவருக்கும் இது பழகிய காட்சி.

அந்த மூன்று எண்களும் சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்தப் பணம் எதற்காக வந்தது, அது அதற்குத்தான் போனதா என்று கேட்டால் அவற்றில் விடை இல்லை. பல இடங்களிலிருந்து வரும் பணத்தை ஒரு பாடசாலை சேர்த்துச் செலவிடும்போது கணக்கை எப்படி வைப்பது என்பது உலகம் முழுவதும் கல்வி நிர்வாகத்தைக் குழப்பும் கேள்வி. அது எங்கள் ஊர்ப் பிள்ளையின் மேசையையும் கதிரையையும் நேரடியாகத் தொடுகிறது.

எத்தனை வழிகளில் பணம் வருகிறது?

இலங்கை கூட்டாட்சி நாடு அல்ல. என்றாலும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன. அதே திருத்தம் நிதி ஆணைக்குழுவையும் உருவாக்கியது. அதன் பரிந்துரையின்படி திறைசேரி மாகாணங்களுக்குப் பணம் தருகிறது. ஆசிரியர் சம்பளம் போன்ற நாளாந்தச் செலவுகளுக்கு ஒரு கொடை, கட்டடம், திருத்த வேலை போன்ற அபிவிருத்திகளுக்கு வேறொரு கொடை. அது மாகாணக் கல்வித் திணைக்களம் வழியாகக் கல்வி வலயத்துக்கு வந்து, பாடசாலைக்குச் சேர்கிறது.

இது ஒரு வழி மட்டும். மாணவர் தொகையையும் வகுப்பு நிலையையும் வைத்துக் கணக்கிடப்படும் தர உள்ளீட்டு நிதி இன்னொன்று. அதிபர்கள் இதைக் 'குவாலிட்டி இன்புட்' என்றே சொல்வார்கள். உலக வங்கி போன்றவற்றின் கடனில் கல்வி அமைச்சு நடத்தும் திட்டங்களின் பணம் மூன்றாவது. 2018இல் உலக வங்கி 10 கோடி டொலரை அனுமதித்த பொதுக் கல்வி நவீனமயமாக்கல் திட்டம் இதற்கு உதாரணம். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வரும் பாண்ட் வாத்தியம், பழைய மாணவர் சங்கம் கட்டித் தரும் மேடை, வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் அனுப்பும் உதவி, பெற்றோரின் சங்கப் பணம் எல்லாம் இதற்கு மேல்.

ஒவ்வொரு பணமும் ஒரு நிபந்தனையோடு வருகிறது. ஒன்றில் உபகரணம் வாங்கலாம், திருத்த வேலை செய்ய முடியாது. இன்னொன்று டிசம்பர் 31க்குள் செலவாக வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கம் காலாவதியாகிவிடும். ஒரு நோக்கத்துக்கு ஒதுக்கியதை வேறு நோக்கத்துக்கு மாற்ற வேண்டுமானால் அரச நிதிப் பிரமாணங்களின்படி முன் அனுமதி வேண்டும். நூறு பிள்ளைகள் மட்டுமே உள்ள சிறு பாடசாலைக்கு ஒவ்வொரு வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே வருகிறது. தனித்தனியாக வைத்தால் எதற்கும் போதாது. அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்துச் செலவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்தில் தவறில்லை. பிள்ளையின் தேவை நிதித் தலைப்புகளாகப் பிரிந்து வருவதில்லை.

கோயிலும் பள்ளிவாசலும் அறிந்த கணக்கு

இந்தச் சிக்கல் எங்கள் மண்ணுக்குப் புதியதல்ல. கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒருவர் அன்னதானத்துக்கென்று அரிசி தருவார், ஒருவர் விளக்குச் செலவை ஏற்பார், ஒருவர் 'எதற்கென்றாலும் பாவியுங்கள்' என்று காசைக் கையில் வைத்துவிட்டுப் போவார். முதல் இரண்டையும் மாற்றிச் செலவிட நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. மூன்றாவதில்தான் உரிமை உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கோயில்களில் பொறுப்பாளரை வண்ணக்கர் என்று அழைக்கிறோம். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பவன் என்று பொருள். காசைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லும் வேலையின் பெயர்தான் கோயிலில் பொறுப்பின் பெயராக நிற்கிறது.

பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல்களிலும் இதே தெளிவு உண்டு. கடமையான தானமாகிய ஸகாத் எட்டு வகையினருக்கே உரியது என்று குர்ஆன் வகுத்திருக்கிறது. அந்தப் பணத்தில் பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட முடியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. விருப்பக் கொடையாகிய ஸதகாவுக்கு அந்தக் கட்டு இல்லை. கணக்கியல் நூல்கள் கட்டுப்பட்ட நிதி, கட்டுப்படாத நிதி என்று பிரித்துக் கற்பிப்பதை எங்கள் மக்கள் வணக்கத்தலங்களில் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். பாடசாலைக் கணக்கிலும் அந்த ஒழுக்கத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

அமெரிக்கா கலந்தது எப்படி?

பாடசாலைகள் பல நிதிகளைச் சேர்த்துச் செலவிட அனுமதித்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் வறிய பிள்ளைகள் நிறைந்த பாடசாலைகளுக்கு மத்திய அரசு உதவும் சட்டம் 1965இல் வந்தது. சில ஆண்டுகளில் விதி கடுமையானது. அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை அந்த உதவிக்குத் தெரிவான பிள்ளை மட்டுமே தொட வேண்டும் என்ற அளவுக்குப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை இப்படிப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது விரைவிலேயே புரிந்தது. 1978இல் இருந்து படிப்படியாக வழி திறந்தார்கள். 1994இல் மாணவரில் 50 வீதமானோர் வறியவராக உள்ள பாடசாலைகளுக்கும், 2001இல் 40 வீதமானோர் உள்ளவற்றுக்கும், முழுப் பாடசாலைக்குமான திட்டம் ஒன்றைத் தீட்டிப் பல நிதிகளை ஒன்றாக்கிச் செலவிட அனுமதி கிடைத்தது. 2015ஆம் ஆண்டின் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது.

ஒன்றாக்கிய பிறகு பணம் தன் தனி அடையாளத்தை இழந்துவிடுகிறது. ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனி ஏடு வேண்டாம், பொதுத் தொகுதிக்கு ஒரே கணக்கு போதும். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும்போது மாவட்ட அலுவலகம் விகிதாசாரப்படி பிரித்துக் காட்டலாம். மொத்தத்தில் ஒரு நிதியின் பங்கு 30 வீதமென்றால் செலவிலும் 30 வீதம் அதன் பெயரில் விழும்.

ஆனால் இந்தச் சலுகை இலவசமாகக் கிடைப்பதில்லை. பாடசாலை முதலில் தன் தேவைகளை முழுமையாக ஆராய்ந்து எழுத வேண்டும். சேர்க்கப்படும் ஒவ்வொரு நிதியின் நோக்கமும் திட்டத்தில் எந்த இடத்தில் நிறைவேறுகிறது என்று காட்ட வேண்டும். இடம்பெயர்ந்து வேலை செய்யும் விவசாயத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கான நிதியைச் சேர்ப்பதானால், அந்தப் பெற்றோருடன் பேசி அந்தப் பிள்ளைகளின் தேவையை முதலில் தீர்த்திருக்க வேண்டும். இவ்வளவு அனுமதி இருந்தும் கணக்காய்வுக்குப் பயந்து பல மாவட்டங்கள் இன்றும் நிதிகளைத் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன.

இந்தியா வேறு வழியில் போனது. 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது பள்ளிகளுக்கான சிறு மானியங்களை ஒரே கூட்டு மானியமாக்கினார்கள். மாணவர் தொகையைப் பார்த்து 25,000 ரூபாயிலிருந்து 1 இலட்சம் ரூபாய் வரை வழங்கினார்கள். அந்த ஒற்றைத் தொகையிலும் குறைந்தது 10 வீதம் தூய்மைப் பணிக்கென்று ஒதுக்க வேண்டும். பணத்தைச் சேர்த்த பிறகும் ஒரு நோக்கத்துக்கு அவர்கள் வேலி போட்டிருக்கிறார்கள்.

ஏட்டில் எழுதிப் பார்ப்போம்

இலங்கையில் பாடசாலைகளுக்கு அமெரிக்காவைப் போன்ற கலப்பு அனுமதி இல்லை. ஒவ்வொரு நிதியும் தன் தலைப்பிலேயே நிற்க வேண்டும். ஒரு கற்பனைப் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். தர உள்ளீடு 150,000 ரூபாய், திட்டக் கொடை 90,000, சங்கப் பணம் 60,000. மொத்தம் 300,000. விகிதம் 50, 30, 20.

80,000 ரூபாய்க்கு ஒரு பிரிண்டர் வாங்குகிறார்கள். மூன்று நிதியின் நிபந்தனையும் அதற்கு இடம் தருகிறது. விகிதப்படி பிரித்தால் 40,000, 24,000, 16,000. இதில் பிரச்சினை இல்லை. அடுத்த வாரம் கிணற்று மோட்டார் பழுதாகிறது. திருத்தச் செலவு 20,000. அதையும் அதே விகிதத்தில் பிரித்தால் திட்டக் கொடையின் தலையில் 6,000 ரூபாய் விழுகிறது. திட்டக் கொடை திருத்த வேலைக்கு அல்ல என்று நிபந்தனை இருக்குமானால், கணக்காய்வாளரின் பேனை நிற்கும் இடம் அந்த 6,000தான். மோட்டார் உண்மையிலேயே பழுதானது, பணம் உண்மையிலேயே கடைக்குப் போனது, யாரும் ஒரு சதமும் எடுக்கவில்லை. இருந்தும் கணக்கு பிழை.

தீர்வு எளியது. காசேட்டில் மூன்று நிதிக்கும் மூன்று நிரல்கள் போட வேண்டும். வங்கிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் ஏட்டில் நிரல் மூன்றாக இருக்கட்டும். மோட்டார்ச் செலவைச் சங்கப் பணத்தின் நிரலில் மட்டும் எழுத வேண்டும். ஒவ்வொரு வவுச்சரிலும் தொகைக்குப் பக்கத்தில் எந்த நிதி என்றும், பாடசாலைத் திட்டத்தின் எந்த இலக்கத்துக்கான செலவு என்றும் குறிக்க வேண்டும். மாத முடிவில் மூன்று நிரல்களின் மீதியையும் கூட்டி வங்கிக் கூற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சாதாரண தரத்தில் வணிகமும் கணக்கீடும் படிக்கும் பிள்ளைக்கே இது தெரியும்.

எங்கே பிசகுகிறது?

பெரும்பாலான பிசகுகள் திருட்டால் வருவதில்லை, காலத்தால் வருகின்றன. ஜனவரியில் தேவையான பணம் ஒக்டோபரிலோ நவம்பரிலோ வந்து சேர்கிறது. அதற்கிடையில் அதிபர் வேறு பணத்தை எடுத்துச் சமாளித்திருப்பார். பிறகு வந்ததை டிசம்பர் 31க்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில், தேவையானதை விட்டுவிட்டுக் கடையில் உடனே கிடைப்பதை வாங்க நேர்கிறது. விலைக்கோரல் மூன்று வேண்டிய இடத்தில் பெயருக்கு மூன்று கடிதம் சேர்கிறது. ஆண்டு முடிந்தபின் வவுச்சரில் நோக்கத்தை எழுதி நிரப்புகிறார்கள். நோக்கத்தைச் செலவுக்குப் பிறகு எழுதும் பழக்கம்தான் எல்லாப் பிசகுக்கும் வேர்.

ஆகவே கணக்கின் முதல் ஏடு பாடசாலையின் ஆண்டு அமுலாக்கத் திட்டம், காசேடு அதற்குப் பிறகே வரும். திட்டத்தில் இல்லாத செலவை எத்தனை நேர்த்தியாகப் பதிந்தாலும் கணக்கு நேராகாது. திட்டத்தில் தெளிவாக எழுதிய செலவை நிபந்தனை இடம் தரும் எத்தனை நிதியிலிருந்து எடுத்தாலும் விளக்கம் சொல்லலாம். அதிபருக்கும் அதுவே பாதுகாப்பு. பாடம், பரீட்சை, ஒழுக்கம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கணக்காளர் இல்லாமல் கணக்கும் பார்க்கும் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. வலயம் நிதியை நேரத்துக்கு விடுவிக்க வேண்டும், நிபந்தனையை எளிய தமிழில் எழுதித் தர வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடக்கவில்லை. பாடசாலைப் பணத்தைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க எங்களுக்கு ஓர் உறுப்பினர் இல்லாமற் போன காலம் அது. அதனால் கேள்வி கேட்கும் பொறுப்பு சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பனிடம் வந்திருக்கிறது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் நான்கு கேள்விகள் போதும். இந்த ஆண்டு எந்தெந்த வழியில் எவ்வளவு பணம் வந்தது? ஒவ்வொன்றின் நிபந்தனை என்ன? வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, அது இப்போது எந்த அறையில் இருக்கிறது? செலவாகாத பணம் எவ்வளவு, ஏன்? இவற்றை மரியாதையோடு கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

அறிக்கை வாசித்து முடிந்ததும் வழிமொழியக் கையுயர்த்தும் முன் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அந்தப் பணம் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் வந்தது.