எந்தத் தெரு, தம்பி?

கடலூரில் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் சீட். பக்கத்தில் ஓர் இளைஞர். மடியில் சர்டிபிகேட் ஃபைல். எங்கேயோ ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டு வருகிறாராம்.

''எப்படிப் போச்சு தம்பி?''

''எல்லாத்துக்கும் நல்லாத்தான் பதில் சொன்னேன் சார். கடைசியா, 'எந்த ஊரு?'ன்னாங்க. சொன்னேன். 'ஊர்ல எந்தத் தெரு?'ன்னாங்க...''

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி வால் வேண்டாம் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டாயிற்று. வாலை வெட்டிவிட்டோம். மோப்பம் பிடிக்கும் மூக்குதான் அப்படியே இருக்கிறது!

'எல்லாம் பிரமை' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஓர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். ஒரே மாதிரிப் படிப்பு, வேறு வேறு பெயர். உயர்சாதிப் பெயருக்குக் கிடைத்த அழைப்பு வாய்ப்பில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு ஒரு பங்கு!

இதை நான் சொன்னதுதான் தாமதம், பஸ்ஸே பட்டிமன்றம் ஆகிவிட்டது.

''அவங்க கம்பெனி, அவங்க பணம். திறமை இருக்கிறவனைத்தானே எடுப்பாங்க?'' என்றார் முன் சீட்டுக்காரர்.

''திறமைக்கு எதுக்கு சார் தெரு பேரு?'' என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

சிப்காட் ஆலைகள் ஜன்னலில் ஓடின. இதே மாவட்டத்தில் நெய்வேலி என்.எல்.சி. பொதுத்துறை, அங்கே நிரந்தர வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. சிப்காட் தனியார் ஆலைக்கு அந்தச் சட்டம் கிடையாது. 2004-லேயே மத்திய அரசு இதைப் பேச ஆரம்பித்தது. 'சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று 2006-ல் தொழில் கூட்டமைப்புகள் தாங்களாகவே நடத்தை விதி வகுத்தன. பயிற்சி, ஸ்காலர்ஷிப் எல்லாம் உண்டு. கட்டாயம்தான் இல்லை.

அமெரிக்காவில் வேறு வழி. 'அரசாங்க கான்ட்ராக்ட் வேணுமா? கறுப்பர்களுக்கும் சம வாய்ப்பு கொடுத்ததைக் காட்டு' என்று 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் உத்தரவு போட்டார். அறுபது வருஷம் நெருங்கும்போது, 2025 ஜனவரியில் டிரம்ப் அதை ரத்து செய்துவிட்டார். ஒரு பேனா கொடுத்ததை இன்னொரு பேனா அடித்துவிட்டது!

''அப்போ முதல்ல படிக்க வைங்க. தகுதி தானா வரும்'' என்றார் முன் சீட்டுக்காரர், விடாமல்.

அதுவும் நியாயம்தான். அதற்குச் சிதம்பரத்திலேயே ஆள் இருந்தார். சுவாமி சகஜானந்தா. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிப்பதற்காக 1916-ல் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கினார். நூறு வருஷம் தாண்டிவிட்டது. பிள்ளைகள் படித்தும்விட்டார்கள். ஃபைலில் சர்டிபிகேட் இருக்கிறது. இப்போது தெரு பெயர் கேட்கிறோம்!

சட்டம் வரட்டும், வராமல் போகட்டும். ஆபீஸில் இருக்கும் நாம் செய்யக்கூடியது சில உண்டு. காலியிடத்தை வெளியே விளம்பரம் செய்யச் சொல்லலாம். முதல் சுற்றில் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுக்கச் சொல்லலாம். இதற்கு நயா பைசா செலவில்லை.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியது. சிதம்பரத்தில் இளைஞர் இறங்கினார். ''வரேன் சார்'' என்று ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். எந்தத் தெருவுக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த முறை உங்கள் ஆபீஸில் ஓர் இடம் காலியானால், ''நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் சார்'' என்று யாராவது ஆரம்பிப்பார். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

''அந்த 'நம்ம'வில் யார் யார் சார் உண்டு?''