இணைந்த இழையும் இல்லம் திரும்பும் வழியும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடந்து செல்வோர் தறியோசையைக் கேட்டிருப்பர். நெய்யும்போது பட்டிழை ஒன்று அற்றுவிட்டால், நெசவாளர் தறியை நிறுத்துவார். அற்ற முனைகள் இரண்டையும் தேடி எடுத்து முடிவார். அதன் பின்னரே நாடாவை ஓட்டுவார். அவசரத்தால் கைகூடாத வேலை அது. குடும்பக் கட்டுப்பாட்டிற்காக முன்னர் அடைக்கப்பட்ட கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையும் அத்தகையதே. நான்கைந்து அங்குல நீளமே உள்ள மெல்லிய குழாயின் அடைபட்ட பகுதியை நீக்கி, நல்ல முனைகளைத் தலைமயிரினும் நுண்ணிய இழையால் மருத்துவர் தைக்கிறார்.

இச்சிகிச்சையை யார் நாடுவர் என்று கேட்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிற்று. அந்நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்பாக்கம் கரையும் அதற்குத் தப்பவில்லை. பெற்ற மக்களை இழந்த தாய்மாருள் பலர் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு இவ்வறுவையைக் கட்டணமின்றிச் செய்யத் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. மறுமணத்தின் பொருட்டு இதனை நாடுவோரும் உண்டு. எனவே மருத்துவமனையிலிருந்து திரும்பும் பெண் வயிற்றுக் காயத்தை மட்டுமன்றி, ஒரு துயரையும் ஒரு நம்பிக்கையையும் உடன் சுமந்து வருகிறாள்.

சென்னையிலிருந்து காஞ்சிக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். 'வண்டி குலுங்கினால் உள்ளே தைத்தது பிரிந்துவிடுமோ' என்பதே பலருடைய அச்சம். வண்டியின் சாதாரண அசைவிற்கு அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. நாம் காக்க வேண்டியவை வேறு இரண்டு: ஒன்று வயிற்றுத் தையல், மற்றொன்று கால்களின் இரத்த ஓட்டம்.

புறப்படும் நாளை மருத்துவரே குறிக்கட்டும். வரதராசர் கோயில் கருடசேவை போன்ற பெருவிழா நாளாயின், நெரிசலில் சிக்காதபடி முன்னோ பின்னோ அமைத்துக்கொள்வது நலம். வலி தணிக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்ன வேளையில் உண்டு கிளம்புக. இருசக்கர வண்டியும் நெருக்கியடித்து ஏறும் ஆட்டோவும் வேண்டா. பேருந்தில் பின்சக்கரத்தின் மேலுள்ள இருக்கையை விடுத்து நடுவிலே அமர்க. மோட்டார் காரில் பாதுகாப்புப் பட்டியைக் கழற்றிவிடுவது பெரும் பிழை. பட்டியை இடுப்பெலும்பின் மீது தாழ அணிந்து, காயத்தில் உரசாவண்ணம் இடையே மடித்த துண்டொன்றை வைத்தால் போதும். இருமலோ தும்மலோ வந்தால் சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்க. வலி பெரிதும் குறையும்.

நெடுநேரம் அசையாது அமர்ந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும். ஆதலின் அமர்ந்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைத்து வருக. மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நாலடி நடப்பது நன்று. வழியில் கழிப்பிடம் இராதே என்று தண்ணீர் பருகாதிருத்தல் பெண்கள் பலருக்கு வழக்கம்; அது தீங்கு. தண்ணீர் பருகுக, சிறுநீரை அடக்காதிருக்க. உணவு எளிதாக இருக்கட்டும். நெய் மிகுந்த கோயில் இட்டலி ஓரிரு நாள் காத்திருக்கலாம்.

வீடு சேர்ந்தபின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. தண்ணீர்க் குடம் தூக்குவதும் பாவு சுமப்பதும் ஆகா. குழித்தறியில் இறங்கி மிதிபலகையை அழுத்தும்போது அடிவயிறு வருந்தும். மருத்துவர் இசைவு தரும்வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள், தறியை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். கூலி குறையுமே என்ற கவலை நியாயமானதே. அதனாலேயே அறுவைக்கு முன்னரே கணவரும் மாமியாரும் கலந்து பேசி, அவ்வாரங்களுக்கு வழி வகுத்திருக்க வேண்டும்.

காய்ச்சல், தையலில் சீழ், மிகுந்த இரத்தப்போக்கு, ஓயாத வாந்தி, தணியாத வயிற்றுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனை செல்க. மூச்சுத் திணறலோ மார்புவலியோ கண்டால், வழியிலேயே ஆயினும், 108 என்ற எண்ணை அழைக்கத் தயங்கற்க.

இன்னொன்றும் நினைவிற்குரியது. இவ்வறுவைக்குப் பின் கரு, கருப்பையில் தங்காது குழாயிலேயே தங்கும் அபாயம் சற்று மிகுதி. எனவே நாள் தள்ளினால் மகிழ்ந்து வாளா இராது, உடனே மருத்துவரிடம் காட்டுக. அனைவருக்கும் கரு தரிக்கும் என்ற உறுதியும் இல்லை. வயது, எஞ்சிய குழாயின் நீளம், முன்பு அடைத்த முறை ஆகியவற்றைப் பொறுத்தது அது.

ஆகவே அண்டை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். நலம் விசாரிக்கச் செல்லுங்கள், 'விசேஷம் உண்டா?' என்று மாதந்தோறும் கேளாதீர்கள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வாருங்கள். அவளுக்கு அன்று வேண்டிய உதவி அதுவே.