ஒரு கட்டில் எப்படி ஒரு குழந்தையிடம் போய்ச் சேர்கிறது?

அமெரிக்காவிலும் கட்டில் இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மிச்சமில்லாத வீடுகளில் கட்டிலின் முறை கடைசியாகத்தான் வரும். தீ விபத்தில் வீட்டை இழந்தவர்களும், அடிக்குப் பயந்து பிள்ளைகளோடு இரவோடு இரவாகக் கிளம்பும் தாய்மாரும் கட்டில் மெத்தையைச் சுமந்துகொண்டா போக முடியும்? அந்தப் பிள்ளைகள் சோபாவிலோ துணிக்குவியலின் மேலோ வெறுந்தரையிலோ படுக்கிறார்கள்.

‘பாயில் படுத்துத்தானே நாம் வளர்ந்தோம்?’ என்று கேட்கலாம். பாயும் ஒரு படுக்கைதான். இவர்களுக்கோ தங்களுக்கென்று படுக்கையே கிடையாது. போதாததற்குப் பனிக்காலத்துத் தரைக் குளிர் வேறு. 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைகள் தினமும் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அந்தத் தூக்கம் அரைகுறையானால் மறுநாள் வகுப்பில் கண் சொக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த அமைப்புகளில் ஒன்று ‘ஸ்லீப் இன் ஹெவன்லி பீஸ்’. 2012 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஐடஹோ மாநிலத்தில் லூக் மிக்கெல்சன் என்பவர் தன் வீட்டு கராஜில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அடுக்குக் கட்டில் செய்யப்போய் ஆரம்பித்தது இது. மகளின் கட்டிலையே மாதிரியாக வைத்துக்கொண்டார். 2018-இல் சிஎன்என் தேர்ந்தெடுத்த பத்து நாயகர்களில் அவரும் ஒருவர். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக அதற்கு நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கின்றன.

கட்டில் செய்யும் நாளில் தச்சர்கள் வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பதுதான் சூட்சுமம். ஒரு மேசையில் தொண்டர்கள் பலகையை அளந்து அறுப்பார்கள். அடுத்ததில் உப்புத்தாள் போட்டுச் சிராய் போகத் தேய்ப்பார்கள். இன்னொன்றில் துளை போட்டு, தலைமாட்டுச் சட்டத்தைத் திருகாணியால் முடுக்குவார்கள். பிறகு அதை ஒரு தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டியில் இருப்பது கடைச் சாயம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஊறவைத்த கரைசல். இரும்பு கரைந்த அந்த நீர் பட்டதும் வெளுத்த மரம் பழுப்பேறும். செலவும் குறைவு. கடைசியில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அமைப்பின் முத்திரையைச் சுடுவார்கள்.

கட்டில் வேண்டுமென்றால் பெற்றோரோ பாதுகாவலரோ இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 3 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குக் கட்டில் இலவசம். தொண்டர்கள் கட்டிலைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து அந்த அறையிலேயே பூட்டி, மெத்தை போட்டு, விரிப்பு விரித்து, தலையணையும் போர்வையும் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். இடம் போதாத வீட்டில் இரண்டு கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பூட்டலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. கொண்டுவந்து பூட்டித்தர ஆள் வேண்டும் என்பதால், பக்கத்தில் கிளை இல்லாத ஊருக்குக் கட்டில் எளிதில் போய்ச் சேராது. அதனால்தான், புதிதாகக் கிளை தொடங்க முன்வருபவர்களுக்கு அமைப்பே பயிற்சி கொடுக்கிறது. நன்கொடை எங்கிருந்தும் வரலாம். கட்டிலைப் பூட்டும் கை உள்ளூரில்தான் இருக்க வேண்டும்.