எட்டப்பன் மட்டும்தானா?

சிற்றாற்றங்கரை வீரகேரளம்புதூர்தான் ஊற்றுமலை ஜமீனின் தலைநகர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரைக் கவிராயராக வைத்து ஆதரித்தவர் இங்கிருந்த இருதாலய மருதப்பத் தேவர். காவடிச்சிந்து நமக்குக் கிடைத்தது அந்த ஆதரவில். ஊற்றுமலை என்றால் தமிழ் நினைவுக்கு வருகிறது. எட்டயபுரத்து எட்டப்பன் என்றாலோ துரோகம். 1799-ல், வெள்ளையரை எதிர்த்த கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, குளத்தூர், காடல்குடி, கோலார்பட்டி பாளையங்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்டது. ஊற்றுமலை தப்பியது, ஜமீனாக நீடித்தது. வெள்ளையரோடு ஒத்துப்போகாமல் அது நடந்திருக்காது. எட்டயபுரமும் அதைத்தான் செய்தது. ஒன்றுக்குப் புகழ், மற்றதற்கு வசை என்பது என்ன நியாயம்?

ஊற்றுமலை யாரையும் விரட்டிப் பிடிக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். கட்டபொம்மனைக் கோலார்பட்டியில் தாக்கியது எட்டயபுரத்துப் படை. போருக்குப் பின் நிலமும் கிடைத்தது. அது தப்பு, அதற்குச் சப்பைக்கட்டு வேண்டாம். ஆனால் எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு நெடுநாளாக இருந்தது. எட்டப்பன் கூட இருந்து குழி பறித்தவரல்ல. ஊரறிந்த பகையாளி, நேருக்கு நேர் நின்றவர். கட்டபொம்மன் பிடிபட்டதும் எட்டயபுரத்தில் அல்ல. புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. தொண்டைமான் பெயரைச் சொல்லி இன்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. பல பாளையங்களும் சமஸ்தானங்களும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய பழி ஒரே தலையில் விழுந்துவிட்டது.

என்னை உறுத்துவது இதுதான்: 1959-ல் வந்த கட்டபொம்மன் படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு வசனமே வரலாறாகிவிட்டது. கட்சி மாறுகிறவரையெல்லாம் மேடையில் எட்டப்பன் என்கிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. அந்தக் கைதட்டலில் ஒரு சமஸ்தானத்தின் மற்ற வரலாறு முழுக்க அமுங்கிப்போகிறது. சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குப் பாரதி பட்டம் கிடைத்தது எட்டயபுரம் அவையில். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். அவருடைய கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு தந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் அச்சேறியதும் சமஸ்தான ஆதரவில். பாட்டைக் காப்பாற்றியதால் போர்க்களத்துக் கணக்கு தீர்ந்துவிடாது. ஊற்றுமலைக்கும் அதே சட்டம்தான்.

பள்ளியில் கட்டபொம்மன் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1799-ல் எந்தெந்தப் பாளையம் எந்தப் பக்கம் நின்றது என்பதையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். தீர்ப்பைப் பிள்ளைகள் சொல்லட்டும்.