மடிக்கணினிக்கு வேண்டும் நினைவகம்

ஆனி மாதத்தில் பாகாலாவை அடுத்த தாமலசெருவிற்குச் செல்வோர் அங்குள்ள மாம்பழ மண்டிகளைக் கண்டிருப்பர். வண்டிகளில் வந்து இறங்கும் காய்கள் மண்டியின் களத்தில் குவிக்கப்படுகின்றன. ஆட்கள் அவற்றைத் தரம் பிரித்துக் கூடைகளில் அடுக்குகின்றனர். களம் அகன்றிருந்தால் வேலை தடையின்றி நடைபெறும். களம் குறுகியதாயின், ஒரு சுமையைப் பிரிப்பதற்காக மற்றொரு சுமையைக் கிடங்கிற்குள் தூக்கிச் செல்லவேண்டும். பின்னர் அதனை மீண்டும் வெளியே கொணரவேண்டும். ஆட்கள் எத்துணைச் சுறுசுறுப்பு உடையவராயினும், அவர்தம் பொழுது தூக்குவதிலும் இறக்குவதிலுமே கழிந்துவிடும்.

மடிக்கணினியின் உள்ளே நிகழ்வதும் ஏறத்தாழ இதுவேயாம். நாம் சேர்த்து வைக்கும் படங்களும் பாடக் குறிப்புகளும் தங்கியிருக்கும் வன்தட்டு, கிடங்கு போன்றது. கணக்கிடும் வேலையைச் செய்யும் பிராசசர், மண்டியின் ஆட்களைப் போன்றது. இவ்விரண்டிற்கும் இடையே, இப்பொழுது கையிலிருக்கும் வேலையைப் பரப்பி வைத்துக்கொள்ள உதவும் களமே நினைவகம். மக்கள் வழக்கில் இதனை 'ரேம்' என்கிறோம். மின்சாரம் நின்றவுடன் களம் காலியாகிவிடும். கிடங்கில் உள்ளது மட்டுமே எஞ்சியிருக்கும். கடைக்காரர் '8 ஜிபி, 256 ஜிபி' என்று கூறும்பொழுது, முன்னது களத்தின் அளவு, பின்னது கிடங்கின் அளவு என்று கொள்ளல் வேண்டும்.

களம் நிறைந்தவுடன், கணினி சில செய்திகளை வன்தட்டிற்கு மாற்றி இடம் உண்டாக்கிக்கொள்கிறது. வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆதலால்தான், ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறும்பொழுது திரை சற்றே உறைந்து நிற்கிறது. நினைவகத்தைப் பெருக்கினால் இக்குறை நீங்கும் என்பது உண்மை. ஆயின், எல்லா மந்தத்திற்கும் நினைவகமே மருந்தாகுமா? எந்த நினைவகமும் எந்தக் கணினிக்கும் பொருந்துமா? இவ்வினாக்களுக்கு விடை தெரியாமல் நான் பணத்தை இழந்த கதையை முதலில் கூறிவிடுகிறேன்.

என் தங்கையின் மகள் திருப்பதியில் விடுதியில் தங்கிப் படித்துவந்தாள். அவளிடம் இருந்தது அவள் அண்ணன் பயன்படுத்திக் கொடுத்த பழைய மடிக்கணினி. இறுதியாண்டில் செய்துமுடிக்க வேண்டிய திட்டப்பணிக்கு இரண்டு மாதங்களே இருந்தன. "மாமா, ஒரு வரி எழுதிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன், இப்படியே போனால் என்னால் முடிக்க இயலாது" என்று அவள் தொலைபேசியில் கூறியபொழுது குரல் தழுதழுத்தது. புதிய கணினி வாங்கும் நிலையில் அவள் பெற்றோர் இல்லை. நான் ஒரு கடைக்குச் சென்று, 'மடிக்கணினிக்கு 8 ஜிபி ரேம்' என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் பயணம் செய்து திருப்பதியை அடைந்தேன். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், ரேம் பலகை அதன் இடத்தில் நுழையவே இல்லை. உறையைப் பிரித்துவிட்டீர்கள் என்று கூறிக் கடைக்காரர் அதனைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பிழை அவருடையது மட்டுமன்று. கேட்கவேண்டியதைக் கேளாத என்னுடையதுமாகும்.

அன்றுமுதல் நான் கைக்கொள்ளும் முறை மூன்று வினாக்களில் அடங்கும். குறை நினைவகத்தில்தானா? நம் கணினி கூடுதல் நினைவகத்தை ஏற்குமா? ஏற்குமாயின், எந்த வகையை, எவ்வளவு ஏற்கும்? இவ்வரிசையை மாற்றாமல் வினவுதல் நன்று.

முதல் வினாவிற்குக் கணினியே விடை கூறும். விண்டோஸ் உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்னும் பகுதியில் 'மெமரி'யைத் தேர்ந்துகொள்க. நாள்தோறும் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, நினைவகம் எவ்வளவு நிறைந்துள்ளது என்று காண்க. எப்பொழுதும் நூற்றுக்கு 85, 90 என்று நிற்குமாயின் களம் போதவில்லை என்பது தெளிவு. நினைவகம் பாதியளவே நிறைந்திருக்க, 'டிஸ்க்' மட்டும் நூற்றுக்கு நூறு என்று நிற்குமாயின், குறை கிடங்கின் வாயிலில் உள்ளது. அந்நிலையில் சுழலும் வன்தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவதே தக்கது, எத்தனை ரேம் வாங்கினும் பயன் சிறிதே. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க. நினைவகம் போதாமையாலும் வன்தட்டு ஓயாமல் உழைக்கும். ஆதலால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது வினா, கணினி ஏற்குமா என்பது. டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி காணப்படும். 'இரண்டில் ஒன்று' என்றிருந்தால், ஓர் இடம் காலியாக இருத்தல் கூடும். 'ஃபார்ம் ஃபாக்டர்' என்னும் வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால், நினைவகச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன என்பது பொருள். அவற்றைக் கழற்றி மாற்ற இயலாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவும் இவ்வாறே செய்யப்படுகின்றன. 2020ஆம் ஆண்டின் இறுதி முதல் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தச் சில்லுகளைக் கொண்டு வெளியிட்டுவரும் மேக்புக் கணினிகளிலும் பின்னர் நினைவகத்தைக் கூட்ட வழியில்லை. இத்தகைய கணினியை வாங்குவோர், வாங்கும் நாளிலேயே வருங்காலத் தேவையையும் எண்ணி வாங்குதல் வேண்டும்.

காலியிடம் இருப்பினும் ஓர் உச்ச வரம்பு உண்டு. ஒவ்வொரு கணினியும் இவ்வளவு நினைவகத்தையே ஏற்கும் என்பதை அதனைச் செய்த நிறுவனம் தன் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும். கணினியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் கொண்டு அதனை அறியலாம். மற்றும், 32 பிட் விண்டோஸ் நிறுவியுள்ள பழங்கணினி 4 ஜிகாபைட்டிற்கு மேல் பயன்படுத்தாது. அதில் நினைவகத்தைக் கூட்டுமுன் 64 பிட் பதிப்பிற்கு மாறியாகவேண்டும்.

மூன்றாவது வினா வகையைப் பற்றியது. நான் தவறியது இங்கேதான். மடிக்கணினியின் ரேம் பலகை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளமுடையது; மேசைக் கணினியின் பலகை 13 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியானது. ஆதலால் அவ்விரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். மடிக்கணினிப் பலகைகளிலேயே தலைமுறைகள் உண்டு என்பதுதான் பலர் அறியாதது. டி.டி.ஆர்.3 பலகையில் 204 தொடுமுனைகளும், டி.டி.ஆர்.4 பலகையில் 260 முனைகளும், டி.டி.ஆர்.5 பலகையில் 262 முனைகளும் உள்ளன. அவை ஏற்கும் மின்னழுத்தமும் வேறு, முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பொருத்திக் கணினியைக் கெடுத்துவிடாதபடி, ஒவ்வொரு வகைக்கும் விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைக்கப்பட்டுள்ளது. அன்று என் கையிலிருந்த டி.டி.ஆர்.4 பலகை அப்பழங்கணினியில் நுழையாததற்கு அவ்வெட்டே காரணம். வலிந்து அழுத்தியிருந்தால் உள்ள கணினியும் போயிருக்கும்.

டி.டி.ஆர்.3 வகையில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. 1.35 வோல்ட்டில் இயங்கும் 'எல்' என்னும் உட்பிரிவு அது. இரண்டிற்கும் வெட்டு ஒன்றே. ஆயினும் சில கணினிகள் 'எல்' வகையை மட்டுமே ஏற்கும். ஆதலால், உள்ளே இருக்கும் பலகையின் சீட்டைப் படித்தல் நலம். அதில் 'பி.சி.3' என்றிருந்தால் டி.டி.ஆர்.3; 'பி.சி.3எல்' என்றிருந்தால் அதன் எல் வகை, 'பி.சி.4' என்றிருந்தால் டி.டி.ஆர்.4 என்று அறியலாம். சீட்டைப் படிக்க இயலாதவர் பழைய பலகையையே ஒரு தாள் உறையில் இட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். திருப்பதியில் வாங்கினும், சென்னை ரிச்சி தெருவிற்கே சென்று வாங்கினும், இதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

வேகத்தைக் குறிக்கும் எண்ணைப் பற்றிப் பலர் அளவிற்கு மீறிக் கவலைப்படுகின்றனர். 2400 வேகமுடைய பலகையுடன் 3200 வேகமுடையதைச் சேர்த்தால், பெரும்பாலும் இரண்டும் 2400 வேகத்திலேயே இயங்கும். கூடுதல் வேகத்திற்குக் கொடுத்த பணம் வீணாகும், கேடு ஒன்றுமில்லை. இதனினும் கருதத்தக்கது இணையாகப் பொருத்துதல். களத்திற்கு ஒரு வாயில் இருப்பதைவிட இரு வாயில்கள் இருப்பின் சுமை விரைந்து போகும் அன்றோ? அவ்வாறே, 16 ஜிகாபைட் பலகை ஒன்றைவிட, 8 ஜிகாபைட் பலகைகள் இரண்டு விரைவாகச் செய்தியை எடுத்துச் செல்லும். படங்களைத் திரையிடத் தனிச் சில்லு இல்லாத கணினியில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

இனி, எவ்வளவு வேண்டும்? காலந்தோறும் இவ்வளவு மாறியே வந்துள்ளது. தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011ஆம் ஆண்டில் தொடங்கியபொழுது, அக்கணினிகளில் இருந்தது 2 ஜிகாபைட். 2026ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்க்கு வழங்கப்பட்டவற்றில் இருப்பது 8 ஜிகாபைட். கடிதம் எழுதுதல், இணையத்தில் படித்தல், தொலைவழி வகுப்புக் கேட்டல் ஆகியவற்றிற்கு 8 ஜிகாபைட் போதும். நிரல் எழுதிக் கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் மாணவர்க்கு 16 வேண்டப்படும். ஒளிப்படக் காட்சிகளைத் தொகுப்போர்க்கும் பெருந்தரவுகளை ஆராய்வோர்க்கும் 32 பயன்படும். தேவைக்கு மேல் வாங்கிய நினைவகம் வேகத்தைக் கூட்டாது; காய் வராத களம் போல் வெறுமனே கிடக்கும்.

இக்காலத்தில் இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. உலகின் நினைவகச் சில்லுகளுள் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கெனக் கட்டப்படும் பெருங்கணினிக் கூடங்களுக்கு அவை தம் உற்பத்தியைத் திருப்பியமையால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை விரைந்து ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், 'குரூஷியல்' என்னும் பெயரில் பொதுமக்களுக்கு நேரே விற்றுவந்த வணிகத்தினின்றும் விலகுவதாக அறிவித்தது. ஆகவே, தவறாக வாங்கும் ஒரு பலகையின் இழப்பு முன்னையினும் பெரிது.

விலை கருதிப் பயன்படுத்திய பலகையை வாங்குவதும் தவறன்று. ஆயின் பொருந்தாவிடில் திரும்பப் பெறுவதாகக் கடைச்சீட்டிலேயே எழுதி வாங்குக. வீட்டிற்கு வந்ததும், விண்டோஸில் உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' கொண்டு ஒருமுறை சோதித்துவிடுக.

பொருத்தும் முறை எளிதே. கணினியை முற்றிலும் நிறுத்தி, மின்கம்பியை எடுத்துவிடுக. மின்கலத்தின் இணைப்பையும் கழற்றுக. உடலில் தங்கியுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். ஆதலால் ஓர் இரும்புப் பொருளை முதலில் தொட்டுவிடுக. பலகையைச் சாய்வாக நுழைத்து, பொன்னிற முனைகள் உள்ளே மறையும்வரை தள்ளி, பின் மெல்லக் கீழே அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் பற்றிக்கொள்ளும். திரை ஒளிராவிடில் அஞ்ச வேண்டா; பெரும்பாலும் பலகை சரியாக அமரவில்லை என்பதே பொருள். டி.டி.ஆர்.5 கணினி முதன்முறை எழுவதற்குச் சில நிமிடங்கள் ஆவதும் உண்டு.

நினைவகத்தால் ஆகாதது ஒன்றையும் கூறவேண்டும். விண்டோஸ் 10 பதிப்பிற்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11 பதிப்பை ஏற்காத பழைய பிராசசர் உள்ள கணினியில் எவ்வளவு ரேம் சேர்த்தாலும் அக்குறை தீராது. அத்தகைய கணினிக்கு விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு நல்ல புகலிடம்.

என் தங்கை மகளின் கணினிக்கும் அதுவே வழியாயிற்று. உள்ளே இருந்த 4 ஜிகாபைட் பலகையின் சீட்டைப் படித்து, அதே வகையில் 8 ஜிகாபைட் பலகை ஒன்றைப் பழையதாக வாங்கிக் காலியிடத்தில் பொருத்தினோம். நினைவகம் பாதியளவே நிறைந்தும், கணினி எழுந்து நிற்கத் தாமதித்தது. அது வன்தட்டின் குறை என்று கண்டு, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை மாற்றி, அதில் லினக்ஸ் நிறுவினோம். அவள் தன் திட்டப்பணியைக் குறித்த நாளில் ஒப்படைத்தாள். அக்கணினி இப்பொழுது சித்தூரில் அவள் தம்பியிடம் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய டி.டி.ஆர்.4 பலகையோ இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கடைக்குப் புறப்படுமுன் சீட்டைப் படி என்று எனக்கு நினைவூட்டுகிறது.