சாயவேரும் கிணற்று நீரும்

துணிக்குச் சாயமூட்டுதல் எளிய வேலை என்று எண்ணுவோர் பலர். கடையிலே சாயப்பொடி வாங்கி, வெந்நீரிற் கரைத்து, துணியை அமிழ்த்தி எடுத்தால் முடிந்தது என்பது அவர்கள் கருத்து. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். மணற்கரையில் வளரும் சிறு செடியொன்றின் வேர் என் எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

மலைநாட்டுப் பாடசாலையொன்றிலே சித்திரம் கற்பிப்பவன் நான். எங்கள் மண்டபத்துக்கு மாணவர் கையாலேயே ஒரு சித்திரத் திரை செய்விக்கவேண்டும் என்று ஆசை கொண்டேன். முதலில் நினைவுக்கு வந்தது பத்திக் முறைதான். உருகிய மெழுகினால் துணியில் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு மூடிய இடம் சாயத்தை ஏலாது. மெழுகு வெடித்த இடங்களிலே சாயம் மெல்லிய நரம்புபோல் ஓடும். இலங்கையில் 1960களிலே இக்கலைக்குப் புத்துயிர் தந்தவர் ஈனா டி சில்வா அம்மையார். 1969இல் கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரையை அவருடைய பத்திக் துணிகள் அணிசெய்தன. சாயத் துணி உடையாக மட்டுமன்றி ஓவியமாகவும் நிற்கலாம் என்பதை 2015இல் மறைந்த அவ்வம்மையார் நமக்குக் காட்டிச் சென்றார்.

ஆயினும் என் மனம் வேறொன்றை நாடியது. வடபகுதிக்கே உரிய சாயம் ஒன்று முன்னர் இருந்ததே. அதை ஏன் முயன்று பார்த்தல் ஆகாது?

இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் நம்மவர் வழங்கும் செடியையே சொல்லுகின்றேன். யாழ்ப்பாணத்து மணற்றரைகளிலும் மன்னாரிலும் இது தானாக முளைப்பது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தருக்கு இவ்வேர் வருவாய் தரும் பொருள்களுள் ஒன்றாயிற்று. மணலைக் கிளறி வேர் அகழ்ந்தவன் ஏழை. அதன் உரிமையோ கொம்பனியின் கையில் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பா சென்று, அங்குள்ள சீமாட்டிகளை மயக்கிய பூந்துணிகளின் சிவப்பும் இந்த வேரின் சிவப்பே. தென்னிந்தியாவில் வாழ்ந்த கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பது முதலிய முறைகளை 1742இலே கடிதமாக எழுதிவைத்தார்.

அம்முறையைப் பின்பற்றியே தொடங்கினேன். பருத்தித் துணியின் கஞ்சியை நீக்கி, கடுக்காய்த்தூளும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தினோம். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கத் துணியை ஆயத்தஞ் செய்யும். பாலின் கொழுப்பு, அச்சிடும் கோடுகள் கசிந்து பரவாமற் காக்கும். பின்னர் பூவரசங் கட்டையிலே பூவொன்றைச் செதுக்கி, சீனக்காரத்தை நீரிற் கரைத்து, பிசின் சேர்த்துக் குழைத்து, அக்குழம்பைத் தொட்டு அச்சிட்டோம்.

இங்கேதான் இக்கலையின் விந்தை இருக்கின்றது. சீனக்காரத்துக்கு நிறமில்லை. அச்சிட்ட துணி வெறுந்துணிபோலவே கிடக்கும். சாயவேர்ப் பட்டையைத் தூளாக்கி, நீரிலிட்டு, துணியையும் இட்டு மெல்லச் சூடேற்றும்போதுதான், சீனக்காரம் பட்ட இடம் சிவந்து பூ வெளிப்படும். பழைய ஆணியும் பனங்கட்டியும் புளிக்கவைத்த நீரால் அச்சிட்டாலோ அவ்விடம் கறுக்கும். சாயம் பானையில் இருக்கின்றது. சித்திரமோ கண்ணுக்குத் தெரியாமல் துணியிலே முன்னரே இருக்கின்றது.

இவ்வாறு மாணவருக்கு விரித்துரைத்துவிட்டுப் பானையைத் திறந்தேன். பூ வந்தது, சிவப்பு வரவில்லை. வெளிறிய செங்கல் நிறம் ஒன்று, காய்ச்சலிற் கிடந்து எழுந்தவன் முகம்போல, துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை வேரைக் கூட்டினேன், பயனில்லை. மூன்றாம் முறை இரும்புச் சட்டியொன்றிற் காய்ச்சினேன்; இரும்பு சாயத்திற் கலந்து ஊதாவும் கபிலமுமான அழுக்கு நிறத்தைத் தந்தது. மாணவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தவணை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றபோது, மிஞ்சிய துணியையும் வேரையும் எடுத்துச் சென்றேன். கிணற்றடியிலே அடுப்பு மூட்டிய என்னைப் பார்த்து என் பெரியம்மா கேட்டார்: “அங்கை ஆத்துத் தண்ணியிலையோ தம்பி காய்ச்சினனீ?”

“ஓம் பெரியம்மா. நல்ல தெளிந்த தண்ணீர்.”

“எங்கட கிணத்துத் தண்ணியிலை பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. அந்தத் தண்ணிக்கும் ஆண்டவன் ஒரு வேலை வைச்சிருப்பான்தானே. இதிலை ஒருக்காக் காய்ச்சிப் பார்.”

வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆனால் அன்று மாலை மண்பானையிலிருந்து எடுத்த துணியில், நான் அதுவரை காணாத செந்நிறம் நின்றது. முள்முருக்கம்பூ பூத்ததுபோல் இருந்தது. பெரியம்மா அதைத் தூக்கிப் பார்த்து, “என்ரை அம்மாவின்ரை சீலைக்கரை இந்த நிறம்தான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

காரணம் பின்னர் விளங்கிற்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நிலம். கிணற்று நீரிலே சுண்ணச்சத்து மிகுதி. வேரிலுள்ள அலிசரின் என்னும் நிறப்பொருள் தனியே நின்று சிவப்பதில்லை. சீனக்காரத்திலுள்ள அலுமினியத்தோடும் சுண்ணச்சத்தோடும் கூடியே உறுதியான செந்நிறமாகின்றது. மலையருவியின் மென்னீரில் அந்த மூன்றாவது துணை போதியதாக இல்லை. பருப்பை அவியவிடாத குற்றமே சாயத்துக்குக் குணமாயிற்று!

இதே அலிசரினை யேர்மானிய அறிஞர் கிரேபவும் லீபர்மானும் 1868இலே நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக்கொண்டு ஆக்கிக் காட்டினர். அதன்பின் ஆலைச் சாயம் மலிந்தது. சாயவேரை அகழ்வாரும் அருகினர். வேரின் நிறமும் ஆலையின் நிறமும் ஒரே பொருளாயின் இத்தனை பாடு எதற்கு என்று வாசகர் வினவலாம். நானும் என்னை வினவினேன். நிறம் ஒன்றே, ஆனால் கடுக்காய், பால், சீனக்காரம், வெயில், கிணறு என்பன ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று அறிந்திருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் அறிவு ஆலைப் பொடியில் இல்லை. நிறம் மறைந்தால் வேறு நிறம் வாங்கலாம். அறிவு மறைந்தால் எங்கே வாங்குவது?

விடுமுறை முடிந்து மலைக்குத் திரும்பினேன். கிணற்றைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. ஆனால் கிணறு சொன்ன பாடத்தை எடுத்துச் செல்ல முடிந்தது. அருவி நீரிலே சிறிதளவு சுண்ணக்கட்டித் தூளைக் கலந்து, புதுப் பானையில் ஏற்றினோம். தேயிலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, தான் செதுக்கிய அச்சுக் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பானையருகே நின்றாள். நீர் சூடாகச் சூடாக, வெறுந்துணியில் அவளுடைய பூ ஒவ்வோர் இதழாகச் சிவந்து வந்தது.

“சார், இது முன்னமே அங்க இருந்திச்சா?” என்று கேட்டாள்.

“இருந்தது, அம்மா. நாம் தண்ணீரை அறிந்துகொள்ளும்வரை காத்திருந்தது” என்றேன்.

அந்தத் திரை இப்பொழுது எங்கள் மண்டபத்திலே தொங்குகின்றது. அதன் ஓர் ஓரத்திலே, முதன்முதல் தோற்ற வெளிறிய பூவையும் சேர்த்துத் தைத்திருக்கின்றோம். மாணவர் கேட்டபடியே அவ்வாறு செய்தோம்.